நீல கேனில் கரைத்த பிள்ளையார்

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் சி.டி. அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, போன மாதம் உங்களைப் பார்க்க வந்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், அலமாரி மேல ஒரு காலி நீல கேன் இருக்கே, அதைத் தொட்டா முருகேசன் அண்ணன் ஏன் அந்தக் கத்து கத்தறாரு?" பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமெல்லாம் ஆகவில்லை. வெட்கம்தான். இப்போது சேலத்தில் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

கருவியை எப்படி ஓட்டுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். கையேடு இருக்கிறது, படியுங்கள். கையேட்டில் இல்லாததைத்தான் சொல்லப்போகிறேன். நான் அந்த அறைக்குப் பொறுப்பாளராக இருந்த காலத்தில் செய்த தவறுகளிலேயே பெரியது அது. மற்றவற்றை ஒருவருக்கும் தெரியாமல் நானே சரிசெய்துவிட்டேன். இதற்கு மட்டும் பொன்னாடை போர்த்தினார்கள்.

கோகிலா என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கம் கிழங்குக் காடு வைத்திருக்கும் குடும்பம். மரவள்ளிக்கிழங்கு மாவுதான் அவள் ஆராய்ச்சிப் பொருளும். காட்டில் பிடுங்கியது போதாதென்று இங்கேயும் வந்து அதையே பிடித்துக்கொண்டாள். மாவுச்சத்தின் நீளச் சங்கிலி தண்ணீரில் முறுக்குப் போலச் சுருண்டு நிற்கிறதா, இடியாப்பம் போலக் கலைந்து கிடக்கிறதா? இது ஒன்றுதான் அவள் கேள்வி.

சர்குலர் டைக்ரோயிசம் என்பதைச் சுருக்கி நாம் சி.டி. என்று சொல்லும் கருவி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். இடப்பக்கம் சுழலும் ஒளியையும் வலப்பக்கம் சுழலும் ஒளியையும் மாற்றி மாற்றி அனுப்பும். சுருண்டு நிற்கும் பொருள் இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும். அந்த வித்தியாசத்தைக் கோடாக வரையும். ஆனால் மாவுச்சத்துக்கு நிறமே கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. அதனால் அயோடின் போல நிறமுள்ள ஒன்றை உள்ளே புகவிட்டு, அதன் மூலம் பார்ப்பார்கள். கோகிலா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அயோடின் உள்ள போனதுனால சுருண்டுச்சா, முன்னாடியே சுருண்டிருந்துச்சான்னு எப்படிங்க மேடம் தெரியும்? பொண்ணு பாக்கப் போறோம்னு சொல்லிட்டுப் போனா எல்லா ஊடும் சுத்தமாத்தானுங்க இருக்கும்" என்பாள்.

நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசியே நாலு வருடம் நேர்கோடு வரைந்தாள். எத்தனை விதமாகக் காய்ச்சி ஆற்றி வைத்தாலும், நாமக்கல் ரோடு போல நேராகப் போகும் கோடு. பல்கலைக்கழகம் இரண்டு முறை நீட்டிப்புக் கொடுத்தது, மூன்றாவது கிடையாது என்று எழுதியே அனுப்பிவிட்டது. அடுத்த கெடுவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவள் அவள்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. நான் கிறிஸ்தவள். வருடா வருடம் பூஜையன்று பொரிகடலை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்பேன். அந்த வருடம் பார்த்து எனக்கு ஒரு வேகம். மேரி மேடம் ஒதுங்கியே நிற்கிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நானே முன்னால் நின்று கருவிக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். அறை உதவியாளர் முருகேசன் மஞ்சளில் பிள்ளையார் பிடித்துக் கருவியின் முன்னால் வெற்றிலையில் உட்கார வைத்திருந்தார். பூஜை முடிந்ததும் நாலு நாள் விடுமுறை. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மேடம், சாமியை மட்டும் சுத்தமான தண்ணியில கரைச்சு, கால் படாத எடத்துல ஊத்திருங்க. நான் வாரேனுங்க."

சுத்தமான தண்ணீர்! ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும்? குழாய்த் தண்ணீரில் கரைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊர் போர் தண்ணீரில் உப்புப் படிந்து டம்ளரே வெளுத்துப்போகும். சாமிக்கு அதுவா? வரிசையில் இருந்த வாய் அகன்ற நீல கேன் ஒன்றை எடுத்தேன். அதில் இரண்டு முறை காய்ச்சி வடித்த தண்ணீர் இருந்தது. அதை விடச் சுத்தமான தண்ணீர் நாமக்கல் மாவட்டத்தில் இருந்திருக்காது. பிள்ளையாரை மெதுவாக அதற்குள் இறக்கி மூடி வைத்தேன். விடுமுறை முடிந்து வந்து, காம்பவுண்டு மூலையில் யாரும் மிதிக்காத கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். கேனை மூன்று முறை கழுவி, புதிதாக வடித்த தண்ணீரை நிரப்பித் திரும்ப வரிசையில் வைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிடித்ததில் ஒரு குறையும் இல்லை, நான் கரைத்ததில்தான் எல்லாம்.

அடுத்த வாரம் கோகிலா ஓடி வந்தாள்.

"மேடம், வந்து பாருங்க, சீக்கிரமுங்க!"

நேர்கோடு நேராக வந்து, நீல ஒளி இருக்கும் இடத்தில் அழகாகக் கீழே இறங்கி, ஒரு குழி போட்டு, மறுபடி ஏறியது. வெறும் மாவுச்சத்து, வெறும் தண்ணீர். அயோடின் கிடையாது. நான் கெட்டிக்காரி அல்லவா? அவள் எடுத்த கேன் தண்ணீரை மட்டும் தனியாக வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நேர்கோடு. அப்படியென்றால் தண்ணீரில் தவறில்லை, குழி மாவுச்சத்துடையதுதான். அப்படித்தான் முடிவு கட்டினோம்.

கருவியை நிறுவ வந்த பொறியாளர் ஒருவர், பெயர் மறந்துவிட்டது, சாப்பிடும்போது கூடத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார், அவர் போகும்போது என்னிடம் சொன்னார்: "கோடு வந்துச்சுன்னா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி, உனக்கு இங்க என்ன வேலைன்னு அதைக் கேளுங்க மேடம்." நிறமில்லாத பொருளுக்கு நீல ஒளியில் ஒரு வேலையும் இல்லை. அவர் சொன்னது அந்த நிமிடமே எனக்கு ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் பக்கத்தில் கோகிலா அழுதுகொண்டிருந்தாள். நாலு வருடம் அழாதவள். அவள் தோளைத் தட்டினேன், கேள்வியைக் கேட்கவில்லை. என் பெரிய தவறு கேனில் கரைத்தது என்று நினைக்காதீர்கள், இதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் புத்தி பிசகிவிட்டது. கோகிலாவின் வழிகாட்டிப் பேராசிரியர் அந்தக் குழியை அச்செடுத்துச் சட்டம் போட்டு மேசையில் வைத்தார். சன்னல் பக்கம் வைத்த கரைசலில் மட்டும் சாயங்காலத்துக்குள் குழி காணாமல் போனது. அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்: "முறுக்கு களைச்சுப் போய்த் தளருது மேரி." முறுக்கு களைத்துப் போவதைப் பற்றிக் கோகிலா பன்னிரண்டு பக்கம் எழுதினாள். நான் பிழை திருத்தினேன்.

செய்தி கல்லூரித் தாளாளருக்குப் போனது. பெரிய விவசாயக் குடும்பம், கோழிப் பண்ணை, லாரி எல்லாம் உண்டு. நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் விழா எடுத்துவிடலாம் என்பார். வாரத்துக்கு இரண்டு முறை விருந்தாளிகளை அழைத்து வருவார். செருப்பை வெளியே விட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கையைக் கட்டி நிற்பார்கள்.

"எப்பங்க இறங்கும்?"

"பத்து நிமிஷம் ஆகும்ங்க."

"ஆகட்டுமுங்க சாமி, நிக்கறோம்."

கோடு இறங்கும்போது ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன்.

பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். பள்ளிபாளையத்தில் ஃபிளெக்ஸ் அடித்து வந்தது. தாளாளர் படம் பெரிதாக, கோகிலா படம் சின்னதாக, நடுவில் எங்கள் கோடு. ஆனால் குழியைத் தலைகீழாக்கி மலை மாதிரி மேலே தூக்கி வைத்திருந்தார்கள். போனில் கேட்டேன். "நல்ல காரியத்துக்கு அடிக்கற பேனர்ல கோடு கீழ போனா நல்லாவா இருக்குமுங்க?" என்றார் அச்சுக்காரர். ஐயா, கோடு மேலே போனால் முறுக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று அர்த்தம் என்றேன். "முறுக்கு எந்தப் பக்கம் சுத்துனா என்னங்க, மொறுமொறுன்னு இருந்தாச் சரி" என்று வைத்துவிட்டார்.

விழா திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு, மாதா கோவிலுக்குப் போய்ப் பூசை கண்டு வீட்டுக்கு வந்தேன். மொட்டை மாடியில் என் மருமகள் சாம்பார் டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"ஏம்மா, உள்ளேயே காயாதா?"

"மஞ்சக் கறை அத்தை. எத்தனை தேச்சாலும் பிளாஸ்டிக்ல இருந்து போகாது. வெயில்ல வெச்சா தானா வெளுத்துரும்."

அவள் கீழே போய்விட்டாள். நான் அங்கேயே தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். பிளாஸ்டிக். போகாத மஞ்சள். வெயிலில் வெளுப்பது. சன்னல் பக்கம் வைத்த கரைசல். நீல கேனில் மஞ்சள் கறை கண்ணுக்கா தெரியும்? முப்பது வருடம் சமையல் செய்தவளுக்கு, ஒரு டப்பாவைப் பார்த்துத்தான் புரிய வேண்டியிருந்தது. கேனில் ஊறிய மஞ்சள் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. மஞ்சளுக்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது. அதனால்தான் வெறும் தண்ணீரில் நேர்கோடு. மாவுச்சத்தின் முறுக்குக்குள் புகுந்தால் மட்டும் அதன் சுழற்சியை இது வாங்கிக்கொண்டு குழி போடும். அயோடின் செய்வதையே பிள்ளையார் செய்திருக்கிறார். கோகிலா எதை வேண்டாம் என்றாளோ அதையே நான் கேனில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

திங்களன்று முதல் பஸ் பிடித்து ஏழு மணிக்கு அறையைத் திறந்தேன். கண்ணாடி பாட்டிலில் இருந்த தண்ணீரில் புதிதாக மாவுச்சத்துக் கரைசல் செய்தேன். நேர்கோடு. நீல கேன் தண்ணீரில் செய்தேன். குழி. வீட்டிலிருந்து பொட்டலத்தில் கொண்டு வந்த மஞ்சளை எத்தனாலில் கரைத்து, கண்ணாடி பாட்டில் கரைசலில் ஒரே ஒரு சொட்டு விட்டேன். கோடு திரையை விட்டே இறங்கிப் போனது.

ஒன்பது மணிக்குக் கோகிலா வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ.

"கோகிலா, உக்காரு."

"உக்காந்தா சீலை கசங்கிருமுங்க மேடம்."

"கசங்கட்டும். உக்காரு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய், கேன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். மஞ்சள் வாசம் அடித்ததோ இல்லையோ தெரியாது. அவள் முகம் வெளிறிவிட்டது.

"பதினெட்டு நாளுதாங்க மேடம் இருக்குது. தீசிஸ் குடுக்கோணும். என்னத்தைங்க குடுப்பேன்? இந்தக் கேனையா குடுப்பேன்?" என்றாள். மூடியைத் திரும்பப் போட்டபடி, "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா, போர் தண்ணியிலயே கரைங்க, சாமி ஒண்ணும் சொல்லாதுன்னு சொல்லியிருப்பேனே" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பேராசிரியர் உள்ளே வந்தார். அவரிடமும் சொன்னேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேரி, பத்தரைக்கு விருந்தாளிங்க வராங்க. இன்னைக்கு ஒருநாள் நீல கேன் தண்ணியே இருக்கட்டும். உண்மையை நாளைக்குப் பாத்துக்கலாம்."

பிள்ளைகளே, என்னை உத்தமி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு இரண்டு நிமிடம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. யார் கரைத்தது என்று எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. 'சுத்தமான தண்ணி' என்று சொன்னது முருகேசன்தானே என்று கூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"சாமியைக் கரைச்சது நான் சார். சொல்றதும் நானே சொல்லிக்கறேன்" என்றேன். "ஆனா எந்தத் தண்ணியை உள்ள வைக்கறதுன்னு நீங்களும் சொல்லக்கூடாது, நானும் சொல்லமாட்டேன். படிப்பு அவளுது."

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம். பதினாலு பேர், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், எல்லோரும் வெள்ளை வேட்டி. செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து வரிசையாகக் கையைக் கட்டினார்கள். மேசையில் இரண்டு குடுவைகள். கோகிலா இரண்டையும் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி பாட்டில் கரைசலை எடுத்து உள்ளே வைத்தாள்.

பத்து நிமிடம். கோடு வந்தது, போனது. நேராக.

"அம்மிணி, இறங்கலீங்களே?" என்றார் தாளாளர்.

"இறங்காதுங்க. இதுதானுங்க நெசம்" என்றாள் கோகிலா. "இதுவரைக்கும் நீங்க பாத்தது மஞ்சளுங்க." நான் காலையில் கரைத்து வைத்த மஞ்சளில் ஒரு சொட்டு விட்டுத் திரும்ப ஓட்டினாள். கோடு சறுக்கிக்கொண்டு இறங்கியது. பின்னால் நின்ற ஒருவர், "பேனர்ல மேல போகுதுங்க, இங்க கீழ போகுதே?" என்று கேட்டார். "அது வெளிய மாட்டறதுங்க" என்று தாளாளர் அவரை அடக்கினார்.

நான் முன்னால் வந்தேன். ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பித்து, பிள்ளையாரைக் கேனில் கரைத்தது, கறை, வெயில், சாம்பார் டப்பா வரை ஒன்று விடாமல் சொன்னேன். இது என் தவறு, இந்தக் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பே அல்ல என்றேன். தாளாளருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா!" என்றார் அவர். "நாலு வருசமா வராதது, பிள்ளையார் உள்ள எறங்கினதும் வந்திருக்குது. நம்மூருக் கெழங்குக்கு நம்மூரு மஞ்சள் சேந்தாத்தான் உசுரே வருதுன்னு இந்த அம்மிணி நிரூபிச்சுப்போடுச்சுங்க!"

பதினாலு பேரும் கைதட்டினார்கள். பேராசிரியர் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினார். "ஐயா, இது தப்புங்க" என்றேன். "நாங்க பண்ணின தப்புங்க" என்று இன்னொரு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது, "மேடத்துக்குத் தன்னடக்கமுங்க" என்று தாளாளர் கோகிலாவுக்கு வைத்திருந்த பொன்னாடையை எனக்குப் போர்த்திவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று பயந்தவளுக்கு உண்மையைச் சொன்னதற்குச் சால்வை! அதைப் போர்த்திக்கொண்டு, சரிகை கழுத்தில் குத்த, நான் கோகிலாவைத் தேடினேன். அவள் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் அன்று ஒரு அத்தியாயம் செத்துப்போனது.

அந்தப் பதினெட்டு நாளும் அவள் என்னிடம் எண்களைத் தவிர வேறு பேசவில்லை. பழைய அளவீடுகள் ஒன்றையும் சேர்க்கவில்லை. எத்தனை மஞ்சள் என்று தெரியாத கணக்கு என்ன கணக்கு? களைத்துப்போன முறுக்கைப் பற்றிய பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்தாள். அளந்த மஞ்சள், அளந்த மாவு, கண்ணாடி பாட்டில் மட்டும் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அறையைத் திறந்தேன். பங்குத்தந்தை வீட்டுக்கே ஆள் அனுப்பி உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். கெடுவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஆய்வேடு போனது. கடைசி அத்தியாயத்தில், மஞ்சள் சேர்த்தால் முறுக்கு தெரிகிறது, சேர்ப்பதற்கு முன் எப்படி இருக்கிறது என்று இந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை என்று அவளே எழுதியிருந்தாள். அதை எழுத அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடுகடுவென்று இருந்தார். ஒவ்வொரு பக்கமாகக் கேள்வி கேட்டுக் கிழித்துக்கொண்டே வந்து கடைசி அத்தியாயத்தில் நின்றார்.

"எல்லாரும் அயோடின் போடறாங்க. உங்களுக்கு மட்டும் மஞ்சள் போடணும்னு எப்படித் தோணுச்சு?"

ஏதோ ஒரு கட்டுரையில் படித்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பேராசிரியர் கண்ணால் அதைத்தான் கெஞ்சினார்.

"தோணலீங்க சார்" என்றாள் கோகிலா. "தண்ணியில தெரியாமக் கலந்துருச்சுங்க. ரெண்டு மாசம் அதை நெசம்னு நம்பிப்போட்டேனுங்க."

எப்படிக் கலந்தது, யார் கலந்தது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "பட்டம் குடுக்கலாம்" என்று எழுதிவிட்டு எழுந்துபோய்விட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் அழுதேன், யாருக்கும் தெரியாமல் அல்ல, எல்லோருக்கும் தெரியும்படியே.

நான் ஓய்வு பெற்ற அன்று, அந்தக் கேனை முதலில் குப்பையில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை என்று நாற்காலி போட்டு ஏறினேன். கோகிலா அதற்குள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். கேனின் சுவர்ப் பக்கம் அவள் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். படித்துவிட்டு, கேனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, யாரையும் தொடவிடாதீர்கள் என்று முருகேசனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் தொடலாம். முருகேசனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு அழகான கோடு வந்து, சந்தோஷத்தில் தலைகால் புரியாத நாளில், நாற்காலி போட்டு ஏறி அந்தக் கேனைத் திருப்பிப் பாருங்கள். அவள் கையெழுத்து சின்னதாக இருக்கும், ஆனால் தெளிவாக இருக்கும்:

"கரைத்தது மேரி மேடம். நம்பியது கோகிலா. கழுவ வேண்டாம்."